வராத டைவரும் தொண்ணூற்றொன்பதாம் நம்பரும்

“டைவர் வர்றாருன்னு நான் ஏன் சார் எழுதப் போறேன்? அந்த ஆளு கறுப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது!”

“அப்ப டைவரே நேர்ல வந்து டைப் பண்ணிட்டுப் போனாரா?”

“நான் ஒரு எழுத்துகூட மாத்தல சார். நேத்து நான் லீவு!”

“லீவுல இருந்துகிட்டே பண்ணலாமே. கம்ப்யூட்டர் வேலைதானே! எண்பத்து நாலு டிக்கெட்டு கேன்சல் ஆயிருக்கு நளினி. எண்பத்து நாலு! காலையிலேருந்து என் போன் அடுப்பு மாதிரி கொதிக்குது.”

மாடிப்படியில் பாதி ஏறியிருந்த ரவிக்குமார் அங்கேயே நின்றுவிட்டான். அடுத்தவர் சண்டையை நடுவில் போய்க் கெடுப்பது பாவம் என்பது அவன் கொள்கை. பின்னால் வந்த நீலாவதியும் நின்றாள். அவள் நின்றதற்குக் காரணம் கொள்கை இல்லை, மூட்டுவலி.

“அக்கா, நல்லாப் போய்கிட்டிருக்கு. கொஞ்சம் இருந்து கேப்போமா?”

“கேட்டது போதும். ஏறு.”

நீலாவதிக்கு ஐம்பத்து மூன்று வயது. கப்பல் சாமான்கள் வைக்கும் ஸ்டோரில் இருபத்தாறு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவள். எந்த நட்டு எந்த டெப்போவில் இருக்கிறது, எந்தக் கயிறு எந்தக் கப்பலில் வருகிறது என்று கணக்குப் பார்த்தே பாதி ஆயுசு போனது. முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறிய ஆரம்பித்தாள். விசிட்டிங் கார்டை மெயின்லேண்டில் அச்சடிக்கக் கொடுத்தாள். கப்பல் தாமதமானதால் முதல் ஏழு மாதம் கார்டு இல்லாமலே துப்பறிந்தாள்.

ரவிக்குமார் அவளுடைய ஆட்டோக்காரன், உதவியாளன், கேட்காமலே பதில் சொல்பவன். அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவன் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, போர்ட் பிளேரில் வளர்ந்து, நாற்பத்தைந்து வயது வரை வாயை மூடாமல் வாழ்ந்துவிட்டவன்.

மாடியில் ‘நீர்க்காகம் போட் சர்வீஸ்’ ஆபீஸ். போர்ட் பிளேருக்கும் ஹேவ்லாக் தீவுக்கும் தினம் இரண்டு நடை. முதலாளி ஹரிஹரன் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம் நளினி. இருபத்தொன்பது வயது. கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு முழுவதும் அவள்தான், அவளுக்கு மேலேயும் ஆளில்லை, கீழேயும் ஆளில்லை. நீலாவதிக்கு போன் போட்டு வரச்சொன்னதும் அவள்தான்.

“யாரு இவங்க?” என்றார் ஹரிஹரன்.

“விசாரிக்க வந்திருக்கோம்” என்றாள் நீலாவதி.

“டிக்கெட்டு விசாரிக்கவா? இன்னிக்கு டிக்கெட்டு இல்ல.”

“டைவரை விசாரிக்க” என்றான் ரவிக்குமார்.

ஹரிஹரன் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். அன்று செவ்வாய்க்கிழமை. விடிகாலை ஐந்தேகாலுக்கு, மதியம் இரண்டு மணி போட்டில் சீட்டு எடுத்திருந்த எண்பத்து நாலு பேருக்கும் போனில் ஒரே செய்தி போயிருக்கிறது. ‘ஆஜ் தோ பஜே கா போட் நஹீன் ஜாயேகா. டைவர் ஆ ரஹா ஹை.’ இன்றைக்கு இரண்டு மணி போட் போகாது, கடலில் முங்குகிற டைவர் வருகிறார். கூடவே எண்பத்து நாலு டிக்கெட்டும் தானாக ரத்து. பாதிப் பேர் வேறு போட் பிடித்துவிட்டார்கள். மீதிப் பேரில் பலர் கீழே படகுத்துறை ஜெட்டி வாசலில் டைவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“ஆறு மணிக்கே இவ பாஸ்வேர்டை மாத்திட்டேன். ஒன்பது மணிக்கு ஸ்டேஷன்ல புகார் கொடுத்துட்டேன்” என்றார் ஹரிஹரன். “இன்ஸ்பெக்டர் ஐயா வெளியே டூட்டில இருக்காராம். நாலு மணிக்கு வந்து பதிவு பண்ணுவாரு. டிக்கெட் கம்ப்யூட்டர்ல தினம் காலையில தானா ஓடுற வேலை இவ பேர்லதான் ஓடுது. வேற யாரு பண்ணியிருப்பா?”

நளினி நீலாவதியின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது.

“அக்கா, எனக்கு கவர்ன்மென்ட் வேலை கெடச்சிருக்கு. நேத்து லீவு போட்டது சர்டிபிகேட் சரிபார்க்கத்தான். வெள்ளிக்கிழமை போலீஸ் வெரிஃபிகேஷன். இன்னிக்கு சாயங்காலம் என் பேர்ல கேஸ் ஏறிச்சுன்னா அவ்வளவுதான். மாயாபந்தர்ல எங்கம்மா இப்பவே தெரு பூரா லட்டு கொடுத்தாச்சு.”

“லட்டைத் திருப்பி வாங்க முடியாது” என்றான் ரவிக்குமார். “அதுதான் இதுல பெரிய சிக்கல்.”

நீலாவதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து. நாலு மணிக்கு ஐந்து மணி நேரம்கூட இல்லை.

“ஹரிஹரன் சார், டைவர்னு ஒருத்தர் நெஜமாவே இருந்தாரா?”

“இருந்தாரு. கொச்சிக்காரரு. ரெண்டாயிரத்து இருபத்தொண்ணுல போட்டோட அடிப்பக்கம் அடி வாங்கிச்சு. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை முங்கிப் பார்ப்பாரு. அன்னிக்கு ரெண்டு மணி டிரிப் கிடையாது. நாலு மாசம் பார்த்தாரு, ஊருக்குப் போயிட்டாரு.”

“நளினி எப்ப சேர்ந்தது?”

“அதுக்கு அடுத்த வருஷம்.”

“அப்ப இந்தப் பொண்ணு பழிவாங்கணும்னு நெனச்சிருந்தா, தான் பார்க்காத ஒரு ஆளை எதுக்கு சார் இழுக்கணும்? கோவத்துல எழுதுறவ புதுசா எழுதுவா. இது பழைய எழுத்து. பழசுலேருந்து ஏதோ எழுந்து வந்திருக்கு.”

“பேயா?” என்றான் ரவிக்குமார்.

“ஸ்டாக்கு” என்றாள் நீலாவதி.

*

ஹரிஹரனுக்குத் திரையில் தெரிவது எதிலும் நம்பிக்கை இல்லை, எல்லாம் காகிதத்தில் வேண்டும். அதனால் தினமும் காலை ஐந்து பத்துக்கு அந்த வேலை ஓடி முடிந்ததும் பிரின்டர் ஒரு பட்டியலைத் தானாகத் துப்பும். இன்றைய பட்டியல் தட்டிலேயே கிடந்தது. நேற்றையது ஃபைலில் இருந்தது. காலையிலிருந்து சண்டையில் யாரும் அதைத் தொடவில்லை.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. இவனுக்கும்” என்றாள் நீலாவதி.

“நம்ம டிக்கெட் புரோகிராம் பூராவும் நான் எழுதினது இல்லக்கா. ஊர் உலகத்துல யார் யாரோ எழுதின சின்னச் சின்ன பேக்கேஜ் சேர்ந்ததுதான். மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு. ஒண்ணு இன்னொண்ணைக் கேக்கும், அது வேற ஒண்ணைக் கேக்கும். கேக்குறது எல்லாம் சேர்ந்தாத்தான் வேலை நடக்கும். காலையில மெஷின் போய் அத்தனையையும் புதுசா எடுத்து வந்து கட்டும்.”

“எங்கேருந்து எடுக்கும்?”

“ரெப்போன்னு சொல்லுவோம். அலமாரின்னு வச்சுக்கோங்க. மூணு இருக்கு. முதல்ல நம்ம ஆபீஸ் அலமாரி. அதுல இல்லேன்னா சென்னை அலமாரி. அதுலயும் இல்லேன்னா சிப்பிகாட்.”

“சிப்பிகாட்லயா? அங்க விவசாயப் பண்ணைதானே இருக்கு!” என்றான் ரவிக்குமார்.

“பழைய அலமாரி. எனக்கு முன்னாடி இருந்த குணா சார் வச்சது.”

நீலாவதிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஒரு சாமான் வேண்டும் என்று இண்டென்ட் சீட்டு போடுவது, மூன்று டெப்போவில் வரிசையாகத் தேடுவது, அந்தச் சாமானோடு வேறு நாலு சாமான் வேண்டும் என்று தெரிய வருவது. இருபத்தாறு வருஷம் இதைத்தான் செய்தாள். அப்போது சாமான் கனமாக இருந்தது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு ஸ்கேலை வாங்கி, வருஷாந்திர ஸ்டாக் எடுப்பது போல வரிவரியாக இறக்கினாள். ரவிக்குமார் ஒன்றை வாசித்தான், அவள் மற்றதில் டிக் அடித்தாள். நூற்றுப் பதினேழாவது வரியில் ஸ்கேல் நின்றது.

‘கரைநேரம்’ என்று ஒரு பேக்கேஜ். எந்த போட் எந்தக் கரையிலிருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வது அதன் வேலை. நேற்றைய பட்டியலில் அதன் நம்பர் 1.4. இன்றைய பட்டியலில் 99.

மீதி இருநூற்றுப் பதினொன்றும் அப்படியே இருந்தன.

“இது சிப்பிகாட்லேருந்துதான் வந்திருக்கு” என்றாள் நளினி.

“இந்தப் பேக்கேஜைக் கேக்குறது யாரு?” என்றாள் நீலாவதி.

“டிக்கெட் பகுதி கேக்கும். ‘கரைநேரம் வேணும், 1.2க்கு மேல எதுவா இருந்தாலும் சரி’ன்னு எழுதியிருக்கு. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க.”

ரவிக்குமார் தலையாட்டினான். “எங்க சித்தப்பா மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறப்போ இதே மாதிரிதான் சொல்லி வச்சாங்க. முப்பதுக்கு மேல எதுவா இருந்தாலும் சரின்னு. இங்க தொண்ணூத்தொம்பது வயசு மாப்பிள்ளை மாலையும் கழுத்துமா வந்து நிக்கிறாரு.”

ஹரிஹரன் எழுந்தார். அவர் முகத்தில் காலையிலிருந்து முதல் முறையாக ஒரு வெளிச்சம்.

“குணாவா? அப்பவே நெனச்சேன்! வேலைய விட்டுப் போறப்போ எங்கூட சண்டை போட்டுத்தான் போனான். பழிவாங்கிட்டான் பாத்தீங்களா? இவளும் அவனும் கூட்டு. ரெண்டு பேர் பேரையும் எழுதிக் கொடுக்குறேன்!”

நளினி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பெயர் இருந்த இடத்தில் இப்போது இரண்டு பெயர். துப்பறிய வந்ததில் இதுவரை கிடைத்த முன்னேற்றம் அதுதான்.

“ரவி, ஆட்டோவை எடு” என்றாள் நீலாவதி.

*

சிப்பிகாட்டில் குணாவின் வீட்டைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாட்டுக்கோழிச் சத்தமே வழி சொன்னது. குணா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தீவனத் தட்டோடு நின்றான். நாற்பது வயது. இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தான்.

“முட்டையா, குஞ்சா?”

“அலமாரி” என்றாள் நீலாவதி.

குணா தட்டைக் கீழே வைத்தான். பின்பக்கத் தகரக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனான். உள்ளே ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் பழைய கம்ப்யூட்டர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி, உரசிக்கொண்டு, இருபது முப்பது கோழிக்குஞ்சுகள் கண்ணை மூடிப் படுத்திருந்தன.

“நாள் பூரா சூடா இருக்கும். குஞ்சுக்கு பல்பு போட வேண்டியதில்ல” என்றான் குணா.

“அக்கா, சந்தேகத்துக்குரிய ஆளுங்க முப்பது பேரா ஆயிட்டாங்க” என்றான் ரவிக்குமார்.

குணா கதையைச் சொன்னான். கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முன்னால் தீவில் நெட் என்றால் அது ஒரு பேச்சுக்குத்தான். இருநூறு பேக்கேஜை சென்னையிலிருந்து இறக்க வேண்டுமென்றால் விடிந்துவிடும், பாதியில் அறுந்தும்விடும். அதனால் மாதம் ஒருமுறை சென்னையில் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, தெரிந்த ஆள் கையில் கொடுத்து, கப்பலில் அனுப்புவார்கள். குணா ஜெட்டிக்குப் போய் வாங்கி வந்து இந்தப் பெட்டியில் அடுக்குவான். கேபிள் வந்த பிறகும் ஒரு வருஷம்போல அந்தப் பழக்கம் ஓடியது. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் மாதிரி இதுவும் ஸ்டாக்கு. லாக்டவுனில் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். வேலையை விட்டபோது திருப்பி எடுத்துப் போகச் சொன்னான். யாரும் வரவில்லை. லைனையும் யாரும் அறுக்கவில்லை.

“கரைநேரம் தொண்ணூத்தொம்பதைப் போட்டது யாரு?”

“நான்தான்” என்றான் குணா.

ரவிக்குமார் கையைத் தட்டித் துடைத்தான். “அவ்வளவுதான். காம் தமாம். கேஸ் முடிஞ்சது. வழியில சாப்பிட்டுப் போவோம்க்கா.”

“எப்ப போட்டீங்க?” என்றாள் நீலாவதி.

“இருபத்தொண்ணு ஜூலையில. அந்த டைவர் வர்ற சமயம். செவ்வாய்க்கிழமை ரெண்டு மணி போட்டு இல்லேன்னு நான் திருத்தி, ஜனங்களுக்குப் போற செய்தியையும் எழுதி வைப்பேன். மாசம் பொறந்தா சென்னையிலேருந்து டிஸ்க் வரும், அதுல புது நம்பர் இருக்கும், என் திருத்தம் அடிச்சுக்கிட்டுப் போயிடும். அங்க உக்காந்து எழுதுறவனுக்கு இங்க டைவர் முங்குறது எப்படித் தெரியும்? ரெண்டு தடவை ஜனங்க வந்து ஜெட்டியில நின்னாங்க. மூணாவது தடவை நான் நம்பரைத் தூக்கித் தொண்ணூத்தொம்பதுன்னு வச்சுட்டேன். மெயின்லேண்டுக்காரன் ஒண்ணு ஒண்ணா ஏறித் தொண்ணூத்தொம்பதுக்கு வர்றதுக்குள்ள நாம ரிட்டயர் ஆயிடுவோம்ல?”

“டைவர் போனதும் எடுத்திருக்கலாமே.”

“எடுத்திருக்கணும். அதுக்குள்ள ஆபீஸ் அலமாரின்னு புதுசா ஒண்ணு வச்சாங்க. அதுலயே கரைநேரம் இருக்கு. முதல் அலமாரியில கெடச்சா மெஷின் அங்கேயே நின்னுடும், மூணாவதை எட்டிக்கூடப் பாக்காது. அதான் விதி. சரி, தூங்கட்டும்னு விட்டுட்டேன்.”

“அப்ப எப்படி எழுந்துச்சு?”

“அதை என்கிட்ட ஏன் கேக்குறீங்க? நான் கோழி வளக்குறேன்.”

நீலாவதி குனிந்து கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஒரு குஞ்சு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

“குணா, எங்க ஸ்டோர்ல வாசல்ல ஒரு ரிஜிஸ்டர் இருக்கும். சாமான் எடுக்கட்டும், எடுக்காம போகட்டும், உள்ள வந்தவன் பேர் எழுதணும். இந்தப் பெட்டில அப்படி ஒண்ணு இருக்கா?”

குணா அவளைப் பார்த்த பார்வையில் முதல் முறையாக மரியாதை தெரிந்தது. உள்ளே போய் ஒரு திரையும் கீபோர்டும் எடுத்து வந்து, குஞ்சுகளை ஒதுக்கி, ஒயரைச் சொருகினான். எழுத்துகள் ஓடின. ‘கரைநேரம்’ என்று தட்டினான்.

மூன்று வருஷத்துக்கு மேலான பதிவில் இரண்டே இரண்டு வரி வந்து நின்றது.

கீழ் வரி: செவ்வாய், காலை 5.10. ஆபீஸ் மெஷின். எடுத்தது 99.

மேல் வரி: திங்கள், மாலை 4.42. பட்டியல் மட்டும் பார்த்தது. எதையும் எடுக்கவில்லை.

“இது யாரு, எட்டிப் பார்த்துட்டுப் போனது?” என்றான் ரவிக்குமார்.

குணா அந்த வரியின் கடைசியில் விரலை வைத்தான். கேட்ட மெஷினின் பெயர் அங்கே இருந்தது. ‘ஹரி லேப்டாப்’.

நீலாவதி மூட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“மூணாவது அலமாரியை எட்டியே பாக்காத மெஷின் திங்கக்கிழமை எட்டிப் பாக்குதுன்னா, விதியை யாரோ மாத்தியிருக்காங்க” என்றாள் நீலாவதி. “மாத்திட்டு, சரியா ஓடுதான்னு ஒருதடவை அழுத்தியும் பாத்திருக்காங்க. பெட்டி மேல தப்பு இல்ல.”

“சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி” என்றான் ரவிக்குமார். “ஆண்டி யாருன்னா, புகார் கொடுத்தவரு!”

“போட்டோ எடு. ரெண்டு வரியும் தெரியணும். கோழி தெரிய வேண்டாம்.”

*

அவர்கள் திரும்பி ஆபீஸ் படி ஏறும்போது மணி மூன்று ஐந்து. இரண்டு மணி போட் பதினொரு பேரோடு போயிருந்தது. செய்தியைப் படிக்காதவர்கள் அந்தப் பதினொரு பேர். குணாவும் ஆட்டோவில் வந்திருந்தான், லுங்கிக்குப் பதில் பேன்ட்.

ஹரிஹரன் குணாவைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். நீலாவதி முந்திக்கொண்டாள்.

“நேத்து சாயங்காலம் நாலு நாப்பத்திரண்டுக்கு என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?”

“டீ குடிச்சேன்.”

“லேப்டாப்பும் குடிச்சுதா?” என்றான் ரவிக்குமார். போனை நீட்டினான்.

ஹரிஹரன் போட்டோவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. காலையிலிருந்து அவர் சொன்னதெல்லாம் அவரே நம்பியதுதான்.

“என் மருமகன்” என்றார். “சுரேந்திரன். சென்னையில பெரிய கம்பெனியில இருக்காப்ல. நேத்து போன்ல சொன்னாப்ல. மாமா, உங்க சிஸ்டம் முதல்ல கெடச்சதை எடுத்துக்குது, பழசா இருந்தாலும் எடுத்துக்குது, இதெல்லாம் இப்ப யாரும் பண்றதில்ல. ஒரே ஒரு வரி மாத்துங்க, எல்லா அலமாரியையும் பாத்து எது பெரிய நம்பரோ அதை எடுக்கும், எப்பவும் லேட்டஸ்ட்டா இருக்கும்னாப்ல. நளினி லீவு. நானே மாத்தினேன். பெரிய நம்பர்னா புதுசுதானே? யாருக்காவது வேற மாதிரி தோணுமா?”

உண்மையில் யாருக்கும் தோன்றியிருக்காது.

“காலையில மருமகனுக்கு போன் போட்டீங்களா?” என்றாள் நீலாவதி.

“போட்டேன். ‘அதனால இருக்காது மாமா, உங்க ஆபீஸ்ல யாரோ விளையாடுறாங்க’ன்னாப்ல.”

“அதை நம்பி ஸ்டேஷனுக்குப் போனீங்க.”

“மருமகன் சொன்னா நம்பாம?”

நீலாவதி ஹரிஹரன் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள்.

“புகாரைத் திருப்பி வாங்கணும். காரணம் எழுதிக் கொடுத்தாத்தான் விடுவாங்க. எழுதுங்க.”

ஹரிஹரன் பேனாவை எடுத்தார், வைத்தார். “நான் மாத்தினேன்னு எப்படிங்க எழுதுறது? பார்ட்னர் கேப்பாரு. மருமகன் பேர் அடிபடும், பொண்ணு வாழ்ற வீடு. குணா போட்ட தொண்ணூத்தொம்பதுதானே மூலம்? அவன் பேரை எழுதிடுவோம். அவன்தான் இப்ப இங்க வேலையிலயே இல்லையே, அவனுக்கு என்ன நட்டம்?”

“எனக்குக் கோழி இருக்கு சார். போலீஸ் வந்தா அதுங்க பயப்படும்” என்றான் குணா. “நான் போட்டது அன்னிக்கு சரி. இன்னிக்கு அதை எழுப்பினது நீங்க.”

“தூங்குற பாம்பை வீட்டுல வச்சது யாரு?”

“வச்சது நான். கதவைத் தெறந்தது நீங்க.”

“ரெண்டு பேரும் நிறுத்துங்க” என்றாள் நளினி.

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். பேசும்போது யாரையும் பார்க்கவில்லை.

“எனக்குத் தெரியும். சிப்பிகாட்ல அந்தத் தொண்ணூத்தொம்பது இருக்குன்னு, சேர்ந்த முதல் வாரமே குணா சார் எழுதி வச்சிட்டுப் போன பட்டியல்ல பாத்தேன். யாராவது விதியை மாத்தினா இது எழுந்திருக்கும்னும் தெரியும். எடுக்கணும்னா இருநூத்திப் பன்னெண்டும் மறுபடி சரிபாக்கணும், ரெண்டு வாரம் ஆகும். தொந்தரவு பண்ணலையேன்னு விட்டுட்டேன்.”

“அது குத்தமாம்மா? எல்லாரும்தான் விடுறாங்க” என்றான் ரவிக்குமார்.

“போன வருஷம் சார் ஒரு பேப்பர் கொடுத்தாரு. சிஸ்டத்துல பழைய பேக்கேஜ் ஏதாவது மீதி இருக்கான்னு கேட்டு. அது எனக்குப் பரீட்சை மாசம். ‘எதுவும் இல்லை’ன்னு எழுதிக் கையெழுத்து போட்டேன். இருக்குன்னு தெரிஞ்சே போட்டேன்.”

அறையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் ஹரிஹரனின் ஃபைல் அலமாரியைப் பார்த்தார்கள். ஹரிஹரனும் பார்த்தார். எல்லாம் காகிதத்தில் வேண்டும் என்பவர் அவர். அந்தப் பேப்பர் அங்கேதான் இருக்கும்.

மணி மூன்று இருபத்தைந்து.

“அதையும் எழுதுங்கக்கா” என்றாள் நளினி. “நான் பண்ணலைன்னு உங்களைக் கூப்பிட்டேன். நான் மாத்தல, அது உண்மை. ஆனா எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொன்னா அது உண்மை இல்ல.”

நீலாவதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஹரிஹரனின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். ஸ்டேஷனுக்கு என்பதால் ஹிந்தியில் எழுதினாள். எழுதும்போதே வாய்விட்டுச் சொன்னாள்.

“ஒண்ணு. கம்பெனி கம்ப்யூட்டர்ல பழைய பேக்கேஜ் ஒண்ணு மிச்சம் இருந்தது. வச்ச காலத்துல அது அவசியமா இருந்தது.”

குணா மூச்சு விட்டான்.

“ரெண்டு. திங்கக்கிழமை சாயங்காலம் முதலாளி தன் கையால ஒரு விதியை மாத்தினாரு. அதனாலதான் பழைய பேக்கேஜ் வேலைக்கு வந்துச்சு. வேற யார் கையும் இதுல இல்ல.”

“மருமகன் பேர்...?” என்றார் ஹரிஹரன்.

“அவர் பேசினாரு. மாத்தினது நீங்க.”

ஹரிஹரன் தலையைக் குனிந்துகொண்டார்.

நீலாவதி ‘மூன்று’ என்று எழுதினாள். பேனா தாளின் மேல் நின்றது. நளினி ஜன்னலிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தாள். ஹரிஹரன் ஃபைல் அலமாரியைப் பார்த்தார். கீழே ஜெட்டியில் யாரோ மைக்கில் நீல் தீவுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் அந்த ‘மூன்று’ மேல் ஒரு கோடு இழுத்து அடித்தாள். பேனாவை மூடினாள்.

“கையெழுத்து போடுங்க சார்.”

ஹரிஹரன் தாளைப் படித்தார். அடித்திருந்த இடத்தில் அவர் கண் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. கேட்கலாம் என்று நினைத்தவர் போல வாயைத் திறந்தார். பிறகு கையெழுத்து போட்டார்.

“அக்கா” என்றாள் நளினி.

“நீ உக்காந்து வேலையைப் பாரு. நாளைக்குக் காலை அஞ்சு பத்துக்கு அது மறுபடி ஓடும்ல?”

ஹரிஹரன் புதுப் பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி நளினியிடம் நீட்டினார். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. அவர் கொண்டுவந்து வைத்த டீ மட்டும் அவளுக்கு முன்னால் இருந்தது. அவள் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பேக்கேஜுக்கும் எதிரில் இன்ன நம்பர்தான், இன்ன அலமாரியிலிருந்துதான் என்று டைப் அடிக்க ஆரம்பித்தாள். இதற்கு மேல் எதுவானாலும் சரி என்பது இனி கிடையாது. இருநூற்றுப் பன்னிரண்டு வரி. குணா நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ரவிக்குமார் ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனான். ஆபர்தீன் பஜாரில் மறியல் மாதிரி டிராபிக். நின்ற இடத்தில் தாளைப் பிரித்துப் பார்த்தான். இரண்டு வரி, ஒரு அடித்தல், ஒரு கையெழுத்து. மூன்று ஐம்பத்தொன்றுக்கு உள்ளே கொடுத்தான். ஏட்டு படித்தார்.

“யே க்யா காட்டா ஹை? இங்க என்னத்தை அடிச்சிருக்கீங்க?”

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் ரவிக்குமார் அப்போதுதான் முதல் தடவையாகப் பதில் தேடினான்.

“தப்பா ஆரம்பிச்சுட்டாங்க சாப்” என்றான்.

ஏட்டு புகாரை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். கேஸ் இல்லை. வெள்ளிக்கிழமை வெரிஃபிகேஷனுக்கு வருகிறவர்கள் நளினியின் பெயரில் எதையும் பார்க்கப் போவதில்லை.

வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்தும் ரவிக்குமார் உடனே வண்டியை எடுக்கவில்லை. தான் சொன்னது உண்மையா பொய்யா என்று யோசித்தான். நீலாவதியிடம் கேட்கலாம். கேட்டால் சொல்வாள். அதனால்தான் அவன் கேட்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன். அந்த மூன்றாவது வரியை நீலாவதி எழுதியிருக்க வேண்டுமா? தெரிந்தே ‘எதுவும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்ட பெண், அதைத் தானாகவே சொல்லி, எழுதச் சொன்ன பிறகும் அடித்தது சரியா? ‘ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு’ என்று மட்டும் எழுதாதீர்கள். பேனா உங்கள் கையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள், ஏன் என்று ஒரு வரியாவது தயவுசெய்து பதில் எழுதுங்கள்.